மண்ணுக்குள் இருக்கும் பழைய வீடு: அகழ்வது, பதிவது, திரும்ப மூடுவது

அகழாய்வில் எந்த அடுக்குக்கும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஒரு மண்ணடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டால் அதைத் திரும்ப அடுக்க யாராலும் முடியாது. அதன்பிறகு அந்த அடுக்கு உங்கள் வரைபடத்திலும் குறிப்பிலும் படத்திலும்தான் இருக்கும்; அவை சரியில்லை என்றால் எங்கும் இருக்காது. பழைய வீடு ஒன்று நின்ற இடத்தை உள்ளூர்க் குழுவாகச் சேர்ந்து ஆராய நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு முடிவையும் எடுக்க வேண்டும். கேள்விக்கு விடை கிடைக்கும் அளவுக்கு மட்டும் தோண்டுங்கள், மிச்சத்தை மண்ணுக்குள்ளேயே விடுங்கள். குழியை எப்படி மூடப் போகிறோம், அதற்கு வேண்டிய மணலும் துணியும் எங்கிருந்து வரும் என்பது முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

அனுமதியும் கேள்வியும்

நில உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். அதில் நான்கு விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: கிடைக்கும் பொருள்கள் யாருக்குச் சொந்தம், அவை எங்கே பாதுகாக்கப்படும், நிலம் எந்த நிலையில் திரும்ப ஒப்படைக்கப்படும், விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது. அரசு அனுமதி தனி. பல நாடுகளில் உரிமம் பெற்ற தொல்லியலாளர் இல்லாமல் மண்ணைத் தொடவே சட்டம் இடம் தராது. சட்டம் தடுக்காத இடத்திலும், பயிற்சி பெற்ற தொல்லியலாளர் ஒருவரைத் திட்டம் போடும் நாளிலேயே கூட்டிக்கொள்ளுங்கள். எல்லாம் தோண்டி முடித்தபின் “வந்து பார்த்துச் சொல்லுங்கள்” என்று அழைத்தால் அவர் பார்ப்பதற்கு அங்கே வெறும் பள்ளம்தான் இருக்கும். மின் கம்பி, எரிவாயு, தண்ணீர்க் குழாய் எங்கே போகின்றன என்பதையும் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கேள்விகளை எழுதுங்கள். இரண்டு மூன்று போதும். வீடு எப்போது கட்டப்பட்டது? பின்கட்டு முதலிலேயே இருந்ததா, பிறகு சேர்த்ததா? எரிந்து போனதா, ஆள் வைத்து இடித்ததா? எந்தக் கேள்விக்கும் விடை சொல்லாத குழியைப் போடாதீர்கள். “என்னதான் இருக்கிறது, பார்ப்போமே” என்று போட்ட குழிகள்தான் பெரும்பாலும் அறிக்கை இல்லாமலே முடிந்துபோகின்றன.

தோண்டாமல் தெரிந்துகொள்வது

கிரயப் பத்திரம், நில அளவை வரைபடம், வரிப் பதிவேடு, உயில், பழைய புகைப்படம், வான்வழிப் படம் என்று எல்லாவற்றையும் திரட்டுங்கள். உயிலோடு சேர்ந்த சொத்துப் பட்டியல் கிடைத்தால் அது தனி அதிர்ஷ்டம். அறை அறையாகப் பொருள்களை எழுதியிருந்தால் வீட்டின் அமைப்பே அதில் இருக்கும். பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்த கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். இரண்டு வரைபடத்திலும் இருக்கும் பொதுப் புள்ளிகள் குறைந்தது ஆறு எடுங்கள். கிணறு, எல்லைக்கல், பழைய கட்டடத்தின் மூலை, பாலத்தின் முனை போன்ற இடம் மாறாத பொருள்களாக அவை இருக்க வேண்டும். சாலையோரம் வேண்டாம், சாலைகள் அகலப்படுத்தப்பட்டிருக்கும். மரமும் வேண்டாம். ஆறு புள்ளிகளும் ஒரே மூலையில் குவிந்திருந்தால் எதிர் மூலையில் வரைபடம் பல மீட்டர் விலகிவிடும், சுற்றிலும் பரவியிருக்கட்டும். மென்பொருள் காட்டும் பிழை 4 மீட்டர் என்றால், வீட்டைக் கோடாகக் கருதாமல், கோட்டின் இருபுறமும் 4 மீட்டர் விரியும் பட்டையாகக் கருதித் தேடுங்கள்.

நிலத்தை வெவ்வேறு பருவங்களில் நடந்து பாருங்கள். காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் விழும்போது, நண்பகலில் கண்ணுக்குப் படாத மேடுகள் நிழலால் தெரியும். வறட்சியில் புல் பேசும். புதைந்த சுவருக்கு மேல் மண் ஆழம் குறைவு என்பதால் ஈரம் சீக்கிரம் வற்றிப் புல் முதலில் பழுக்கும். தூர்ந்த பள்ளத்துக்கும் குப்பைக்குழிக்கும் மேல் ஈரம் தங்கிப் பசுமை நீடிக்கும். 2018 கோடை வறட்சியில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வயல்களில் இப்படிப் பல புதைந்த தடங்கள் ஒரே பருவத்தில் வெளிப்பட்டன.

கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. மின்தடை அளவியில் சுவர் அதிகத் தடையாகவும் ஈரமான பள்ளம் குறைந்த தடையாகவும் பதியும். காந்த அளவியில் சுட்ட செங்கலும் அடுப்பும் துல்லியமாகத் தெரியும், ஏனெனில் சுடும்போது மண்ணிலுள்ள இரும்புத் தாதுக்கள் காந்தத் தன்மையை ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் அருகில் கம்பி வேலியோ இரும்புக் குப்பையோ இருந்தால் அந்தப் பதிவு பாழ். தரை ஊடுருவும் ரேடார் ஆழத்தையும் சொல்லும், ஈரக் களிமண்ணில் மட்டும் அதன் அலை உள்ளே போகாது. உலோகம் கண்டறியும் கருவியை வைத்துக்கொண்டு ‘பீப்’ வந்த இடத்தையெல்லாம் கிளறுவது தேடல் ஆகாது. ஒரு நாணயத்தை அது கிடந்த அடுக்கிலிருந்து பிடுங்கினால், அந்த அடுக்குக்குக் காலம் சொல்லியிருக்கக்கூடிய ஒரே சாட்சி போய்விடும்.

சோதனைக் குழிகள்

வீடு ஏறத்தாழ எங்கே என்று தெரிந்தபின் 50 செ.மீ. சதுரக் குழிகளை 10 மீட்டர் இடைவெளியில் போடுங்கள். பொருள் செறிந்து வரும் பகுதியில் இடைவெளியை 5 மீட்டராகக் குறைக்கலாம். ஒவ்வொரு குழியையும் 10 செ.மீ. 10 செ.மீ. ஆக இறக்கி, மண் முழுவதையும் 6 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். நடுவில் மண்ணின் நிறம் மாறினால் 10 செ.மீ. ஆகும்வரை காத்திருக்காமல் அங்கேயே நிறுத்திப் புது எண் கொடுங்கள். சுவரோ தளமோ தட்டுப்பட்டால் அதை வெட்டிக் கீழே போகக் கூடாது. அளந்து, படமெடுத்து, மூடிவிடுங்கள். அந்தக் குழி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது.

செங்கல் துண்டையும் காரையையும் எடை போடுங்கள். ஆணி, ஜன்னல் கண்ணாடி, பானை ஓடு, எலும்பு ஆகியவற்றை எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி வரைபடத்தில் குழிவாரியாகக் குறித்தால் வீடு மெல்ல உருவெடுக்கும். காரையும் ஆணியும் கண்ணாடியும் சேர்ந்து வரும் இடம் கட்டடம். ஓடும் எலும்பும் சாம்பலும் குவியும் இடம் பெரும்பாலும் கொல்லைப்புறம். ஒரு எச்சரிக்கை: செங்கல் மிக அதிகமாக வரும் இடம் வீடாகவே இருக்க வேண்டியதில்லை. இடித்தவர்கள் இடிபாட்டை அருகிலிருந்த பள்ளத்தில் கொட்டி மட்டப்படுத்தியிருப்பார்கள். உழுத நிலமாக இருந்தால் மேல்மண்ணிலுள்ள ஓடுகள் பல மீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே ஒரே பொருளின் குவியலை நம்பாதீர்கள்; இரண்டு மூன்று வகைப் பொருள்கள் ஒரே இடத்தைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள்.

கட்டமும் மட்டமும்

அளவுகளெல்லாம் ஒரு நிலைப்புள்ளியிலிருந்து வர வேண்டும். அது தோண்டும் பகுதிக்கு வெளியே, யாரும் இடறாத இடத்தில், காங்கிரீட்டில் பதித்த கம்பியாகவோ கட்டடப் படியில் போட்ட குறியாகவோ இருக்கட்டும். அடிக்கோட்டை நூல் கட்டி, பக்கங்கள் 3, 4, 5 என்ற அளவில் அமைந்த முக்கோணத்தால் செங்கோணம் எடுங்கள். 5 மீட்டர் சதுரத்தின் மூலைவிட்டம் 7.07 மீட்டர், 2-க்கு 1 மீட்டர் குழிக்கு 2.24. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்க்காமல் முளை அடிக்காதீர்கள். அளக்கும்போது டேப் மட்டமாக இருக்க வேண்டும், நிலத்தின் சரிவோடு படுத்திருக்கக் கூடாது. சரிவான இடத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் புள்ளியை இறக்குங்கள்.

உயரத்துக்கு, முக்காலியில் நிறுத்தி மட்டம் பார்க்கும் டம்பி லெவல் என்ற கருவி போதும். நிலைப்புள்ளியின் உயரம் 50.00 மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் அளவுக்கோலை நிறுத்திப் பார்த்தால் 1.32 வருகிறது. கூட்டினால் கருவியின் உயரம் 51.32. அதே நிலையில் வீட்டின் தளத்தில் கோலை வைத்தால் 1.87. கழித்தால் தளத்தின் உயரம் 49.45. கணக்கு இவ்வளவுதான், ஆனால் தவறு நடப்பதும் இங்கேதான். மதியம் யாரோ முக்காலியை நகர்த்தி வைப்பார்கள். பிற்பகல் அளவுகளெல்லாம் காலைக் கருவி உயரத்தை வைத்தே கழிக்கப்படும். கருவி அசைந்தால் நிலைப்புள்ளியைப் புதிதாகப் பார்க்க வேண்டும். வேலை முடியும்போதும் ஒருமுறை நிலைப்புள்ளியைப் பாருங்கள். கருவியை அந்த இடத்தில் வைத்தபோது வந்த அளவுக்கும் இதற்கும் 1 செ.மீ.க்கு மேல் வேறுபாடு வந்தால் அன்றைய உயரங்களைத் திரும்ப எடுங்கள்.

குழி போடுவதும் கரணை பிடிப்பதும்

குழி சுவரின் குறுக்கே போக வேண்டும். 1 மீட்டர் அகலம், 3 அல்லது 4 மீட்டர் நீளம், சுவர் ஏறத்தாழ நடுவில். சுவர் தென்பட்டதும் அதன் போக்கிலேயே இருபுறமும் பள்ளம் பறித்துக்கொண்டு போக ஆசை வரும். கட்டடத்தின் வரைபடம் சீக்கிரம் கிடைத்துவிடும் என்பது உண்மைதான். பழைய காலத்து அகழ்வுகள் பல அப்படித்தான் நடந்தன. ஆனால் சுவரை ஒட்டியுள்ள மண்தான் அது எப்போது எழுந்தது, எப்போது விழுந்தது என்பதைச் சொல்லும் மண். அதை முழுக்க எடுத்துவிட்டால் சுவர் எந்த அடுக்கோடும் தொடர்பில்லாமல் தனியே நிற்கும். பிறகு அதற்குக் காலம் சொல்ல வழியே இல்லை. இந்த ஒரு தவறுக்கு எந்த ஆய்வகத்திலும் பரிகாரம் கிடையாது.

4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 80 செ.மீ. ஆழம் என்றால் வெளியே வரும் மண் 3.2 கன மீட்டர், ஏறத்தாழ 5 டன். தோண்டியதும் மண் உப்பும் என்பதால் குவியல் குழியைவிடப் பெரிதாக இருக்கும். அந்தப் பாரம் குழியின் விளிம்பை அழுத்தாதபடி குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி, தார்ப்பாய் விரித்துக் கொட்டுங்கள். மேல்மண் ஒரு குவியல், அடிமண் இன்னொரு குவியல். புல்லைப் பாளமாக வெட்டியிருந்தால் புல்லும் புல்லும் முகம் பார்க்க அடுக்கி நனைத்து வையுங்கள். குழி 1.2 மீட்டருக்குக் கீழே போக வேண்டுமென்றால் படிப்படியாக அகலப்படுத்தியோ முட்டுக்கொடுத்தோ மட்டும் இறங்க வேண்டும். மணல் பாங்கான மண் அதற்கு முன்பே சரியும். பழைய கிணறு கிடைத்தால் இறங்கவே வேண்டாம். சரிவும் நச்சுக் காற்றும் அங்கே காத்திருக்கும்.

சுமார் 10 செ.மீ. நீளமுள்ள, ஒரே இரும்பில் அடித்த சிறு கரணைதான் முதன்மைக் கருவி. தகடும் பிடியும் ஆணி வைத்து இணைத்தது கல்லில் பட்டால் ஒடிந்துவிடும். முனையால் குத்தாமல் விளிம்பால் உங்களை நோக்கி இழுத்துச் சுரண்டுங்கள். சுரண்டிய பரப்பை மிதிக்காதபடி பின்னோக்கி நகருங்கள். காய்ந்த மண்ணில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். செடிக்கு அடிக்கும் தெளிப்பானால் லேசாக நனைத்து, நிழலில் ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அதுவரை இல்லாத விளிம்புகள் எழுந்து வரும். நிறத்தைக் குறிக்கும்போது, நிறங்களுக்குக் குறியீடு கொடுத்து வரிசைப்படுத்திய மன்செல் நிற அட்டையை ஈரமண்ணோடு ஒப்பிடுவதே வழக்கம். ‘பழுப்பு’ என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

அடுக்கு, பள்ளம், பள்ளத்தை நிரப்பிய மண், சுவர் என்று ஒவ்வொன்றும் ஓர் அலகு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கடைசியாக உருவானதை முதலில் எடுக்க வேண்டும். ஓர் அலகுக்கு ஒரு தாள்: நிறம், மணலா களியா, உள்ளே கலந்திருப்பவை, கனம், எதற்கு மேலே, எதற்குக் கீழே, எதை வெட்டுகிறது, மேல் மட்டத்தின் உயரம். தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் 1973-இல் இங்கிலாந்தின் வின்செஸ்டர் அகழாய்வுப் பதிவுகளோடு மல்லாடும்போது வகுத்த கட்ட வரைபடம் இதற்கு இன்றும் கைகொடுக்கிறது. எண்களைக் கட்டத்துக்குள் போட்டு, மேலது புதியது, கீழது பழையது என்று கோடிட்டு இணைப்பதுதான் அது. அன்றன்றைக்கு மாலையிலேயே போடுங்கள். இரண்டு அலகுகள் ஒன்றையொன்று வெட்டுவதாக வந்தால் எங்கோ தவறாகப் பார்த்திருக்கிறீர்கள்; குழி திறந்திருக்கும்போது தெரிந்தால் திருத்தலாம். தூண்குழி, அடுப்புக்குழி போன்ற சிறு பள்ளங்களை முதலில் பாதி மட்டும் எடுத்து, நின்ற பாதியின் வெட்டுமுகத்தை வரைந்தபின் மறுபாதியை எடுங்கள்.

வரைபடம் மேலிருந்து பார்ப்பது 1:20 அளவில், வெட்டுமுகம் 1:10 அளவில். கைபேசியில் ஒன்றன்மேல் ஒன்றாக முக்கால் பங்கு பதியும்படி படங்கள் எடுத்து முப்பரிமாண மாதிரி செய்வது நல்லதே, ஆனால் கையால் வரைவதை அதற்காக விட்டுவிடாதீர்கள். வரையும்போதுதான் கண் ஒவ்வொரு கோட்டிலும் நின்று, இது எங்கே முடிகிறது என்று கேட்கிறது.

ஒரு சுவரின் இருபுறமும்

குறுக்கே போட்ட குழியின் வெட்டுமுகத்தைத் தூசு தட்டி நனைத்துப் பார்ப்போம். நடுவில் செங்கல் சுவர், நான்கு வரிசை. இடதுபக்கம் வீட்டின் உள்புறம். மேலே 25 செ.மீ. கருத்த மேல்மண், அதன்கீழ் உடைந்த ஓடும் காரையும் கலந்த இடிபாடு, அதன்கீழ் விரல் கனத்துக்குக் கரி, அதன்கீழ் 3 செ.மீ. சுண்ணாம்புத் தளம். தளத்தின் மேற்புறம் சிவந்திருந்தால் கரி வேறெங்கிருந்தோ கொட்டப்பட்டதல்ல, தீ அங்கேயே எரிந்திருக்கிறது. தளம் சுவரைத் தொட்டு முடிகிறதா, சுவருக்கு அடியில் தொடர்கிறதா என்று குனிந்து பாருங்கள். தொட்டு முடிந்தால் சுவர் முந்தியது. அடியில் போனால் அந்தத் தளம் இந்தச் சுவருக்கும் மூத்தது.

வலதுபக்கம் வெளிப்புறம். சுவரை ஒட்டி 15 செ.மீ. அகலத்தில் கலங்கலான மண் கீழே இறங்கிப் போகிறது. அதுதான் கடைக்கால் போட வெட்டிய வானத்துக்கும் (அடித்தளப் பள்ளத்துக்கும்) சுவருக்கும் இடையே விட்ட இடைவெளியை நிரப்பிய மண். இந்த வீட்டின் வயதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை. சுவர் எழுந்ததும் வானத்தை மூடியிருப்பார்கள். பிறகு யாரும் கிளறவில்லை என்றால் உள்ளே கிடக்கும் எதுவும் கட்டிய காலத்தையோ அதற்கு முந்தைய காலத்தையோ சேர்ந்தது. இந்த மண்ணைத் தனியாக, கரணையால் மட்டும், 3 மி.மீ. சல்லடையில் சலித்து எடுங்கள். இன்னும் சற்றுத் தள்ளி, சுவருக்கு இணையாகப் பொடிக்கல் படிந்த ஆழமற்ற வரி ஒன்று இருக்கலாம். கூரை இறவாணத்திலிருந்து சொட்டிய மழைநீர் அரித்த வரி அது. சுவரிலிருந்து அந்த வரிவரை அளந்தால் கூரை எவ்வளவு நீட்டிக்கொண்டிருந்தது என்று தெரியும்.

சுவரே இல்லாமலும் சுவர் கிடைக்கும். வீடு கைவிடப்பட்டபின் கல்லையும் செங்கல்லையும் வேறு கட்டடத்துக்கு உருவிக்கொண்டு போவது எங்கும் நடந்ததுதான். உருவிய பள்ளம் உடைந்த காரையாலும் செங்கல் பொடியாலும் நிரம்பி, காணாமல் போன சுவரின் அகலத்திலும் போக்கிலும் அப்படியே நிற்கும். இதைக் குப்பைக்குழி என்று நினைத்து அகலமாகத் தோண்டிவிட்டால் வீட்டின் ஒரு பக்கமே தொலையும். விளிம்பு நேராக இருக்கிறதா, இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பாலும் அதே கோட்டில் தொடர்கிறதா என்று பாருங்கள்.

பொருள்களும் காலமும்

ஓர் அடுக்கு, அதிலுள்ள ஆகப் புதிய பொருளைவிட முந்தியதாக இருக்க முடியாது. காலக்கணிப்பின் அடிப்படை விதி இது. நூறு பழைய ஓடுகளுக்கு நடுவே போர்ட்லாண்ட் சிமெண்ட் கட்டி ஒன்று இருந்தாலும் அந்த அடுக்கு, அந்தச் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற 1824-க்குப் பிந்தியதுதான். சிமெண்ட் எலி வளை வழியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் முதலில் உறுதி செய்யுங்கள். கம்பியிலிருந்து செய்த உருண்டை ஆணிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவலாயின. அதற்கு முந்தைய ஆணிகள் சதுரமாகவோ பட்டையாகவோ இருக்கும். பாட்டிலின் அச்சுத் தையல் கோடு வாயின் உதட்டைத் தாண்டி மேலேறியிருந்தால் அது எந்திரம் செய்தது. மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி பாட்டில் எந்திரம் வந்தது 1903-இல். செங்கலில் முழுதாக உள்ள பத்தையாவது நீளம், அகலம், கனம் அளந்து எழுதுங்கள். முன்கட்டின் செங்கல்லும் பின்கட்டின் செங்கல்லும் அளவில் வேறாக இருந்தால், இரண்டும் ஒரே சமயத்தில் எழவில்லை என்று சந்தேகிக்கக் காரணம் கிடைத்துவிட்டது.

ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு சீட்டு, பையின் வெளியிலும் எழுத்து: இடக்குறி, ஆண்டு, குழி, அலகு எண், தேதி. எண் இல்லாத ஓடு வெறும் ஓடு. ஓடு, கண்ணாடி, செங்கல் ஆகியவற்றை மென்மையான தூரிகையால் கழுவி நிழலில் உலர்த்தலாம். இரும்பு, செம்பு, நிறம் தீட்டிய சுவர்ப் பூச்சு, சுடாத மண், உட்புறம் கரி படிந்த பானை ஓடு ஆகியவற்றைக் கழுவக் கூடாது. இரும்பை இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் மண்ணிலிருந்து ஏறிய குளோரைடு உப்பு அதை உள்ளிருந்து அரித்துச் செதில் செதிலாக உதிர்க்கும். ஈரத்தில் கிடந்த மரமும் தோலும் நேர்மாறு: உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும் என்பதால், காப்பாளர் வரும்வரை ஈரத்திலேயே, குளிர்ச்சியாக வைத்திருங்கள். அடுப்பு, குப்பைக்குழி மண்ணில் 40 லிட்டர் தனியாக எடுத்து நீரில் மிதக்கவிட்டால் கரிந்த தானியமும் விதையும் மேலே வரும். மனித எலும்பு தெரிந்தால் அந்தக் குழியில் வேலையை நிறுத்தி, உரிய அதிகாரிகளுக்குத் தகவல் கொடுங்கள்.

மூடுவது

வீட்டின் அடித்தளத்தைத் திறந்தே வைத்து எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் நூற்றாண்டுகளாக ஒரே ஈரத்தில், ஒரே வெப்பத்தில் கிடந்த செங்கல், காற்றுப்பட்டதும் உலரத் தொடங்குகிறது. உள்ளே கரைந்திருந்த உப்பு மேற்பரப்புக்கு வந்து படிகமாகி, மேல்தோலை உரித்துத் தள்ளும். மழை, வெயில், வேர் எல்லாம் அதற்குப் பிறகு சேரும். மேற்கூரை, வடிகால், ஆண்டுதோறும் பராமரிக்க ஆள், அதற்கான பணம் நான்கும் உறுதியாக இல்லாத இடத்தில் திரும்ப மூடுவதுதான் பாதுகாப்பு. லண்டனில் ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் 1989-இல் கண்டெடுக்கப்பட்டபோது அதன்மேல் துணியும் மணலும் போட்டு, ஈரம் குறையாதபடி தண்ணீர் நிறுத்திப் பாதுகாத்தார்கள்.

முறை இது. முளை, ஆணி, நூல், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுங்கள். கடைசிப் படம் எடுங்கள். தளத்தின் மேலும் சுவரின் மேலும் நீர் ஊடுருவும், நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணியை விரியுங்கள்; மடிப்புகளிலும் படியட்டும், விளிம்புகள் 30 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். அதன்மேல் உப்பில்லாத கழுவிய மணல் 10 முதல் 15 செ.மீ. கடல் மணல் கூடவே கூடாது. பிறகு கல் நீக்கிய அடிமண், 15 செ.மீ.க்கு ஒருமுறை காலால் மிதித்து. எந்திர அதிர்வு பழைய காரையை உடைக்கும். கடைசியில் மேல்மண், புல். சுற்றுத் தரையைவிடச் சற்று மேடாக முடியுங்கள், மண் எப்படியும் அமரும். மணலுக்கு மேல் ஆண்டு பொறித்த அழியாத தகடு ஒன்றைப் போட்டுவைத்தால், அடுத்து தோண்டுபவருக்கு இது முன்பே திறந்த குழி என்று தெரியும்.

பாலித்தீன் தாள் போட்டு மூடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அடியில் நீர் வியர்த்துத் தேங்கும், பூஞ்சை பிடிக்கும், அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டு வேர் படரும். சுவரை ‘உறுதிப்படுத்த’ சிமெண்ட் பூசுவது அதைவிடக் கேடு. சிமெண்ட் பழைய செங்கல்லைவிடக் கெட்டி, ஈரத்தை வெளியே விடாது. ஈரமும் உப்பும் செங்கல் வழியாகவே வெளியேறி அதைப் பொடிக்கும். கட்டாயம் ஒட்ட வேண்டுமென்றால் பழைய காரையைவிட மென்மையான சுண்ணாம்புக் காரை மட்டும். திறந்து வைத்த சுவரின் தலைக்கு மண்ணும் புல்லும் வைத்து மூடுவது நல்ல குல்லாய். மழையையும் வெயிலையும் அது வாங்கிக்கொள்ளும்.

காட்டுவதற்கும் வழி உண்டு. மூடிய சுவர்களின் கோட்டைத் தரைமட்டத்தில் வேறுநிறக் கல்லாலோ சரளையாலோ குறியுங்கள். ஃபிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் வீடு 1812-இல் இடிக்கப்பட்டது. அது எப்படித் தோற்றமளித்தது என்று திரும்பக் கட்டும் அளவுக்குச் சான்று இல்லை. அதனால் கட்டடக் கலைஞர் ராபர்ட் வெஞ்சுரியின் வடிவமைப்பில் 1976-இல் வீட்டின் புறக்கோட்டை மட்டும் எஃகுச் சட்டமாக நிறுத்தி, கீழேயுள்ள அடித்தளத்தைப் பார்க்கத் திறப்புகள் வைத்தார்கள். ஊகத்தால் சுவர் எழுப்புவதைவிட இது நேர்மையானது. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964 வெனிஸ் சாசனமும் அகழ்ந்த இடத்தில் புதிதாகக் கட்டி எழுப்புவதை ஏற்பதில்லை; சிதறிக் கிடக்கும் அசல் பகுதிகளைத் திரும்பப் பொருத்துவதை மட்டும் அனுமதிக்கிறது.

அறிக்கையும் கண்காணிப்பும்

கழுவி, எண்ணி, எழுதி முடிக்கத் தோண்டிய காலத்தைவிட அதிகம் பிடிக்கும். அதற்கு ஆள் இருக்கிறார்களா என்று பார்த்தே குழிகளின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். ஓராண்டுக்குள் அறிக்கை வரட்டும், எதுவும் கிடைக்காத குழிகளும் அதில் இருக்கட்டும். படங்கள் டிஃப், அட்டவணைகள் சிஎஸ்வி, அறிக்கை பிடிஎஃப்-ஏ வடிவில் இருந்தால் மென்பொருள் மாறினாலும் திறக்கும். தாள், வரைபடம், பொருள்கள் மூன்றும் ஒரே அருங்காட்சியகத்திலோ காப்பகத்திலோ சேர்ந்து இருக்க வேண்டும். யாருடைய வீட்டு அலமாரியிலும் தங்கக் கூடாது. குழி திறந்திருக்கும் நாட்களில் இடத்தின் படத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள், இரவில் தோண்டுபவர்கள் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் போய்ப் பாருங்கள். குழி அமர்ந்து பள்ளமாகியிருந்தால் நீர் தேங்கும். மேல்மண் போட்டு மேடாக்குங்கள். முளைத்த மரக்கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே தரைமட்டத்தில் வெட்டுங்கள். வளர்ந்ததை வேரோடு பிடுங்கினால் துணியும் தளமும் சேர்ந்து வரும். ஒரே இடத்தில் நின்று ஆண்டுக்கு ஒருமுறை படமெடுத்து காப்பகக் கோப்பில் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.